மதினி இன்னும் சாப்பிடவில்லை

காலை பத்து இருபது. கட்டில் இருபத்திரண்டு, அதில் காலி ஒன்று. ஆவுடையம்மாள் வாட்ச்மேனின் பெஞ்சில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு வாங்க என்று எமிமா சிஸ்டர் சொல்லியிருந்தாள். இந்த முதியோர் இல்லத்தை நடத்துகிறவள் அவள்தான். சத்தம் போடாமல் பேசுவாள், ஆனால் சொன்னது சொன்னதுதான். சேர்ப்பதற்கு முன் ஒரு பகல் முழுக்க ஆளை இங்கே விட வேண்டும். கூட வந்தவர்கள் போய்விட வேண்டும். வந்தவர் சாப்பிடுகிறாரா, மேலே கை வைக்க விடுகிறாரா, இந்த இரண்டைத்தான் பார்ப்போம், வேறு பரீட்சை இல்லை என்றாள். சரியாக இருந்தால் ஜன்னலோரக் கட்டில் உங்க மதினிக்கு. சரியில்லையென்றால் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் தினமும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறது, சாயங்காலமே அவர்களுக்குச் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆவுடை தலையை ஆட்டிவிட்டு வாசல்படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கேட் வரைக்கும் வந்தாள். கேட்டைத் தாண்டவில்லை. பெஞ்ச் கேட்டுக்கு உட்புறம் கிடந்தது, அது அவளுடைய தப்பில்லை.

போய்விட வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சிஸ்டர் சொல்லவில்லையே. பஸ் ஸ்டாப் வரைக்குமா, வீடு வரைக்குமா. வீட்டுக்குப் போய் என்ன செய்ய, கட்டிலில் விரிப்பு சுருங்கிக் கிடக்கும், மதினியின் கண்ணாடிக்கூடு தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், எட்டு மணிக்குக் குடித்த காப்பி டம்ளரைக் கழுவாமல் வந்திருக்கிறோம். காற்று அடித்தது. ஆடி முடிந்தும் காற்று முடியவில்லை, வெயிலும் காற்றும் ஒன்றாக வரும் ஊர் இது, குடையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, வலது தோள் உடனே குத்தியது. ஏன் ஆச்சி வெயில்ல கிடந்து வேகுதிய, உள்ள ஹால்ல போயி இருங்களேன் என்றார் வாட்ச்மேன். உள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அப்ப வெளிய போங்க. வெளிய போக மனசு வரல. அவர் சிரித்தார். எல்லாரும் இந்த பெஞ்சிலதான் வந்து இருப்பாங்க ஆச்சி, ஒருத்தரு கூட கேட்டத் தாண்டுனதில்ல, போன மாசம் ஒரு எஞ்சினியர் இருந்தாரு, அம்மாவ விட்டுட்டு வந்து இங்கன இருந்து அழுதாரு, நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு டீ வேண்டாம் என்றாள் ஆவுடை. அழுதாத்தான் டீ, சும்மா இருந்தா கிடையாது என்றார் அவர்.

ஆவுடை இருபத்தெட்டு வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். ஜூன் மாதம் புதுப்பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருப்பார்கள். ஆவுடை போய்ச் சொல்லுவாள், அம்மா நீங்க நின்னா அவ சாப்பிட மாட்டா, நீங்க கேட்டைத் தாண்டிப் போனாத்தான் அவ தட்டை எடுப்பா, போங்க. கண்டிப்பாகத்தான் சொல்லுவாள். அவர்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போவார்கள், அரைமணி நேரத்தில் பிள்ளை மெஸ்ஸில் இரண்டாவது தோசை கேட்கும். எத்தனை தாய்மார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது இந்த வழியாகப் போனால் என்ன நினைப்பாள். அந்த வேலை பார்த்த கண்ணோடுதான் ஊர் முழுக்க இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கல்யாண மண்டபம், தெருவுக்கு ஒரு கோச்சிங் சென்டர், ஆனால் எழுந்து நடக்க முடியாத ஒரு மனுஷியை வைத்துப் பார்க்க இடம் தேடினால் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்று, வாடகை வீடு, நடு ஹாலில் ஆறு கட்டில், பினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கம்மா என்றான் நடத்துகிறவன். அவன் சொல்லும்போது ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. விரிப்பெல்லாம் புதுசு, கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. விரிப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பெரியவரின் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. இன்னொரு அம்மாவை நாற்காலியோடு சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள். விழுந்திரக் கூடாதுன்னுதான் என்றான் அவன். அந்த அம்மா ஆவுடையைப் பார்த்து, வந்துட்டியா என்றாள். ஆமா வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து வெளியே வர முடிந்தது. அப்புறம் தூத்துக்குடி ரோட்டில் ஒன்று, ஓட்டல் மாதிரி முகப்பு, நீரூற்று, மேஜை மேல் பிளாஸ்டிக் பூ. ராத்திரி நர்ஸ் யாரு இருப்பாங்க என்று கேட்டதற்கு, போன் பண்ணா வந்துருவாங்க மேடம் என்றார்கள். தண்ணீர் டம்ளர் கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருந்தது. தர்ம ஸ்தாபனம் ஒன்று, சுத்தம், நல்ல சாப்பாடு, நல்ல மனுஷர்கள், ஆனால் தானாக நடக்கிறவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம். நடக்க முடிஞ்சா நாங்க ஏன் உங்ககிட்ட வாரோம் என்று ஆவுடை கேட்டாள். அதுவும் சரிதான் என்றார் அங்கே பொறுப்பில் இருந்த பெரியவர், வருத்தமாகத்தான் சொன்னார். இந்த இடத்தில்தான் எல்லார் நகமும் வெட்டியிருந்தது. எல்லாக் கட்டிலிலும் மணி கை எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒரு தாத்தா சும்மாவே மணியை அடித்தார், வேலை பார்க்கிற ஒரு பிள்ளை வந்து, என்ன தாத்தா, சும்மாதானே என்று கேட்டுவிட்டுப் போயிற்று. ஆனால் இடம் இல்லை. இங்கே இடம் எப்படி வரும் என்று கேட்கக் கூடாது. போன வாரம் எமிமா சிஸ்டர் போன் பண்ணி, ஒரு கட்டில் வந்திருக்கு என்றாள். ஆவுடைக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. போனை வைத்த பிறகுதான் அந்தக் கட்டிலில் யார் இருந்தார்கள் என்று தோன்றியது, இரண்டாம் தடவை இங்கே வந்தபோது ஜன்னல் வழியாக அணிலைக் காட்டினார்களே, அந்த அம்மாவாக இருக்குமோ. இன்றைக்கு வந்தும் கேட்கவில்லை.

இதெல்லாம் இந்தத் தோளால் வந்தது. தோளைச் சொல்லி என்ன, அறுபத்தொன்பது வயது. மதினிக்கு எண்பத்தொன்று, இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருஷம், மூளையும் நாக்கும் முன்னைவிடக் கூர்மை. போன மாதம் விடியற்காலையில் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாற்றும்போது தோள் கழன்றுகொண்டது போல ஒரு வலி, பிடி விட்டுப்போய் இரண்டு பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. பால்காரன் வரும் வரைக்கும் அப்படியே. ஏட்டி ஆவுடை என்றாள் மதினி. என்ன மைனி. இப்ப நம்ம ரெண்டு பேர்ல யாரு யாரத் தூக்கணும், சீட்டுக் குலுக்கிப் போடுவமா. சிரித்த சிரிப்பில் ஆவுடைக்குத் தோள்வலி உச்சந்தலைக்கு ஏறியது, சிரிக்காதீய மைனி, வலிக்கி, சிரிக்காதீய என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் தோளை மதினி தன் முந்தானையைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் தோளில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. டாக்டர், இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார். ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்தும் பார்த்தாயிற்று. ஒருத்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவளாக வந்த இன்னொருத்தி தங்கச்சி கல்யாணம் என்று போய்த் திரும்பவில்லை. புனேயிலிருந்து மதினியின் மகன் போனில், அத்தே, நீங்க பாத்து சரின்னு சொன்னா எனக்கும் சரி என்றான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் அத்தை சொன்னால் சரி என்கிறார்கள், அத்தைக்கு யார் சொல்லுவது. மதினியிடம் கேட்டபோது, பாப்போமே, ஒரு நாளுதானே என்றாள், டவுனுக்குப் போய்ச் சேலை பார்த்துவிட்டு வருவோம் என்பது போல.

வெயில் பெஞ்சின் பாதிக்கு வந்துவிட்டது. உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள். வாயில் தெர்மாமீட்டர் வைத்திருப்பார்களா. மதினிக்குத் தெரியாத கை படக் கூடாது. ஆஸ்பத்திரியிலேயே ஆவுடை இல்லாமல் துடைக்க விடவில்லை, நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள். மூன்று வருஷமாகக் குளிப்பாட்டுவது, தலை சீவுவது, எல்லாம் ஆவுடைதான். இன்றைக்கும் தட்டிவிடுவாளோ. தட்டிவிட்டால் சிஸ்டர் வந்து, அம்மா, உங்க மதினிக்கு ஒத்துவரல என்பாள். ஆட்டோவைக் கூப்பிட்டு, வாட்ச்மேனை ஒரு கை பிடிக்கச் சொல்லி, வீட்டுக்குப் போகலாம். அங்கே போய்? அங்கே போய் இன்னொரு தடவை தரையில் உட்கார வேண்டியதுதான், பால்காரன் ஒரு நாள் வராமல் இருப்பான். ஆனாலும் ஆட்டோ என்ற நினைப்பு இனித்தது. இனிக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மடியில் டிபன் கேரியர் சூடு ஆறிக்கொண்டிருந்தது. வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள், தெரிந்துதான் கட்டினாள், காலையில் கை தன்பாட்டுக்கு இரண்டு பேருக்கு அளந்துவிட்டது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, சோறு, அப்பளம் உடையாமல் மேல்தட்டில். மதினி இல்லாமல் இதை எப்படித் திறப்பது.

ஒரே வாசலுக்குள் இருந்தால் ஒன்றாகத்தான் சாப்பாடு. யாரும் விதி போடவில்லை, ஆவுடைக்கு ஏழு வயதிருக்கும்போது அவளே தொடங்கியது. மதினி கல்யாணமாகி வந்த புதுசு, பத்தொன்பது வயது, டவுனில் அந்த நீள வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியில்தான் மருமகளுக்குச் சோறு. மூன்று மணி ஆகும், நாலு ஆகும். ஆவுடைக்கு அந்தப் புது அக்காவைப் பிடித்துவிட்டது. மைனி வந்தாத்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அம்மா அடித்தாள், கெஞ்சினாள், அன்றைக்குச் சாயங்காலம் வரை பட்டினி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா சமையல்கட்டைப் பார்த்து, ஏட்டி வடிவு, வந்து இந்தச் சனியன்கூட உக்காந்து தின்னு தொலை என்று கத்தினாள். சங்கரவடிவு என்ற முழுப்பேரை அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து மருமகளுக்குப் பன்னிரண்டரைக்கே சோறு கிடைத்தது. அது தன்னால்தான் என்று அந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. மதினிக்குத் தெரிந்திருக்கிறது. வார்டன் வேலையில் இருந்தபோது ஆவுடை விடுதியில் தங்கினாள், அப்போது வேறு வேறுதான். லீவுக்கு வீட்டு வாசல்படி ஏறிவிட்டால் பழைய கணக்கு. அண்ணன் தாணு உயிரோடு இருந்தபோது, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயிறா என்று கேலி பண்ணுவான். அண்ணன் போன பிறகு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வேளைகூட—

ஆச்சி. வெள்ளைச் சட்டையில் ஒரு பிள்ளை முற்றத்தில் ஓடிவந்தது. காலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிப்போன ஜெபக்கனி. நாசரேத் பக்கம், இருபத்தைந்து வயது இருக்கும், கையில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நீங்க இன்னும் போகலியா. ஏன், என்ன ஆச்சு. ஒண்ணும் ஆகல, உள்ள அந்த ஆச்சி சாப்பிட மாட்டேங்காங்க. எல்லாரும் முடிச்சாச்சு, அவங்க தட்டு அப்படியே இருக்கு. நல்லாத்தான் பேசுதாங்க, பாட்டுகூடப் படிச்சாங்க, சோறுன்னா மட்டும் அப்புறம் அப்புறம்ங்காங்க. சிஸ்டர் ரெண்டு மணி வரைக்கும் பாப்போம்னு சொல்லிட்டாங்க. வீட்டுல எப்படி ஆச்சி, மதியம் சாப்பிடுவாங்களா. பிள்ளை மூச்சு வாங்க நின்றது. ஆவுடை குடையைப் பிடித்தபடி அதைப் பார்த்தாள். நிமிர்ந்து கட்டிடத்தைப் பார்த்தாள். கம்பி போட்ட ஜன்னல், வரிசையாக. அங்கேயிருந்து இந்தக் கறுப்புக் குடை தெரியாமலா இருக்கும், ஒரு ஓரம் ஒட்டுப்போட்ட குடை, ஒட்டுப்போட்டவளே மதினிதான். கேட்டைத் தாண்டியிருந்தால் மதினி சாப்பிட்டிருப்பாள். வாசலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருக்கிறவளைப் பட்டினி போட்டிருக்கிறோம். இந்த ஊரில் வேறு யாருக்கும் இது விளங்காது, இந்தப் பிள்ளைக்கும் சிஸ்டருக்கும் மதினிக்கு இடம் ஒத்துவரவில்லை என்றுதான் தோன்றும். சும்மா இருந்தால் போதும். மதியம் அவங்களுக்குப் பசிக்காது என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், தெரியலம்மா என்றால் போதும். ரெண்டு மணி ஆகிவிடும். அம்பாசமுத்திரத்துக்குப் போன் போகும். ஆட்டோ வரும். ராத்திரி மதினி கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, சாப்பிடாம ஏன் இருந்திய என்று தெரியாதவள் மாதிரி கேட்கலாம். ஆவுடை வாயைத் திறந்தாள். சிமெண்டுத் தரையின் ஜில்லிப்பு உள்ளங்காலில் ஏறியது. பால்காரன் வராத ஒரு நாள், தோள் வராத ஒரு நாள், தரையில் மதினி, சிரிக்காத மதினி. நாற்காலியில் கட்டியிருந்த அந்த அம்மா, வந்துட்டியா என்று. என்ன ஆச்சி யோசிக்கிய என்றது பிள்ளை.

நான் சாப்பிட்டாச்சுன்னு போய்ச் சொல்லும்மா என்றாள் ஆவுடை. அவ்வளவுதானா. அவ்வளவுதான், ஆவுடை சாப்பிட்டுட்டாளாம்னு சொல்லு, அவங்க எடுப்பாங்க. ஜெபக்கனி ஓடிற்று. வாட்ச்மேன் அவளைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. முற்றத்தில் இரண்டு மைனா நடந்தது. பிள்ளை திரும்பி ஓடிவந்தது, சிரித்துக்கொண்டே. ஆச்சி, நீங்க பொய் சொல்லுதியளாம். என்னது. ஆமா, அவ சாப்பிட்டிருக்க மாட்டா, வேணும்னா அவ கையைக் கொண்டு வந்து காட்டச் சொல்லு, மோந்து பாத்தாத்தான் நம்புவேன்னு சொல்லுதாங்க. வாட்ச்மேன் வாய்விட்டுச் சிரித்தார். போலீஸ்ல இருந்தாங்களோ அந்த ஆச்சி.

ஆகவே திறக்க வேண்டியதாயிற்று. குடையை மடக்கி பெஞ்சில் சாய்த்தாள். கேரியரின் கொக்கி இறுகிப்போயிருந்தது, வாட்ச்மேன் எடுத்துவிட்டார். குழம்பு ஆறி மேலே எண்ணெய் திரண்டிருந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள், வெறும் விரலை நனைத்துக்கொண்டு போனால் மதினி கண்டுபிடித்துவிடுவாள், தின்ற கையின் வாசனை வேறு. முதல் உருண்டையை வாயில் போட்டாள். எதிரே யாரும் இல்லை. எதிரே யாரும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் கண்ணை எங்கே வைத்துக்கொள்வார்கள். விடுதியில் தனியாகத்தான் சாப்பிட்டாள், அப்போது எங்கே வைத்தாள், நினைவில்லை. மைனாவைப் பார்த்தாள். இனிமேல் தினமும் இப்படித்தான் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை மென்றாள். ராத்திரி எட்டு மணிக்கு அந்த நீள வீட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அப்பளத்தை வாட்ச்மேனிடம் நீட்டினாள். அழுதா டீ உண்டு ஆச்சி என்று மெதுவாகச் சொன்னார். அழல என்றாள், மூக்கை இடது கையால் துடைத்துக்கொண்டு. பாதிச் சோறு உள்ளே போயிற்று. போதும், இது உண்மையான கை.

கையைக் கழுவாமல், முழங்கையை மடக்கி, யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். சாப்பாட்டு அறை காலியாக இருந்தது. நீள மேஜையின் கடைசியில் மதினி, சக்கர நாற்காலியில். முன்னால் தட்டு, சோறு காய்ந்திருந்தது. தலை மாறியிருந்தது, நடுவகிடு எடுத்துத் தளரப் பின்னி இரட்டையாக மடித்துக் கட்டியிருந்தார்கள், முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. யாரு மைனி தலை சீவுனது. இந்தப் புள்ளதான், நல்லா சீவுதா, நீ சீவுனா இழுக்கும். மூணு வருசமாச் சொல்லவே இல்லையே. சொன்னா நீ பயந்து பயந்து சீவுவே, இன்னும் இழுக்கும். ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டது. எமிமா சிஸ்டர் கதவருகில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. மதினி இரண்டு கையாலும் ஆவுடையின் கையைப் பிடித்து மூக்குக்கிட்டக் கொண்டுபோனாள். நிதானமாக மோந்தாள். கத்திரிக்கா என்றாள். ஆமா. உப்பு கூட. ஆமா, கொஞ்சம். ஆவுடை குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மைனி, இப்ப நீங்க சாப்பிட்டா இங்கதான் இருக்கணும் என்றாள். மதினி அவளைப் பார்த்தாள். கையை விடவில்லை. தெரியும்ட்டி என்றாள். அதுக்குத்தான் நீ முதல்ல தின்னுட்டியான்னு மோந்து பாத்தேன், உன்ன எனக்குத் தெரியாதா, நான் இங்க தின்னுட்டேன்னு நீ அங்க போய்ப் பட்டினி கிடப்பே. அப்புறம் அவள் கையை விட்டாள், தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஏ புள்ள, இது காஞ்சு போச்சு, கொஞ்சம் சூடா ரசம் கொண்டா. நீ போ ஆவுடை, பாத்துக்கிட்டே நிக்காத, நாலு மணிக்கு வரச் சொன்னாங்கல்லா. ஆவுடை நின்றாள். மதினி முதல் கவளத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள், பெஞ்சில் நிற்காமல், வாட்ச்மேனிடம் தலையசைத்து, கேட்டைத் தாண்டி, ரோட்டில் பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தாள்.

2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை காலை, சங்கரவடிவு அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டாள்.